வழக்குப் பேசாத பஞ்சாயத்து
சார்க் மகாநாடுகளின் யோக்கியதை

தென் ஆசியாவிலுள்ள நாடுகளின் தலைவர்கள் வருஷத்திற்கு ஒரு முறை ஒன்றாய்க் கூடி, இந்நாட்டு மக்களின் கஷ்டங்களை நீக்க வழி தேடுவது என்று சொல்லி ஏற்படுத்தப்பட்ட "சார்க்" என்னும் சங்கத்தின் யோக்கியதையைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத எண்ணுகின்றோம்.

2014-ம் வருஷம் நவம்பர் மாதம் காட்மாண்டுவில் கூடிய 18-வது மகாநாட்டுக்குப் பிறகு இத்தலைவர்கள் மகாநாடாக நேரில் ஒரு தடவைகூடக் கூடவில்லை. இதைப்பற்றி நமது நாட்டில் இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாய்ப் பேசுகின்றார்கள். ஒரு கூட்டத்தார், "நம் தலைவர் போகாமல் இருந்தாரே, அதுவல்லவோ வீரம்!" என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "ஐயோ, போயிருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்குமே!" என்று அங்கலாய்க்கின்றார்கள். ஆனால் இவ்விருவரில் ஒருவராவது, "இதற்கு முன் 18 தடவை போனார்களே, போய் என்ன செய்தார்கள்?" என்று கேட்பதாகக் காணோம். ஆகவே அந்தக் கேள்வியை நாம் கேட்கின்றோம்.

சங்கம் பிறந்த கதை

இச்சங்கம் 1985-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி டாக்கா நகரில் பிறந்தது. இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்தன. 2007-ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டாயிற்று. உலகத்து ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இவ்வெட்டு நாடுகளில் வாழ்கின்றவர். அவர்களில் கோடிக்கணக்கானவர் இன்றும் தரித்திரத்தில் உழல்கின்றவர்.

அப்படிப்பட்ட ஜனங்களின் பெயரால் டாக்காவில் வந்து உட்கார்ந்த ஏழு பேர் யார் யார் என்று பார்த்தால், இரண்டு பேர் மகாராஜாக்கள். நேபாளத்துக்கு ஒருவர், பூட்டானுக்கு ஒருவர். இரண்டு பேர் படையின் பலத்தால் நாட்டைப் பிடித்த தளபதிகள். பாக்கிஸ்தானுக்கு ஜியாவுல் ஹக், வங்காளதேசத்துக்கு எர்ஷாத். ஏழில் நாலு பேர் தங்கள் குடிகளிடம் ஒரு ஓட்டுக்கூடக் கேட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் அல்ல. இந்த நால்வரும் மற்ற மூவருமாகச் சேர்ந்துதான், "மக்களின் நல்வாழ்வே எங்கள் நோக்கம்" என்று சாசனம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சாசனம் எழுதினதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சாசனத்தின் 10-வது ஷரத்தில் என்ன எழுதி வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. எந்தத் தீர்மானமும் எல்லாரும் ஒருமுகமாய் ஒப்பினால்தான் செல்லும் என்பது ஒன்று. இரண்டு நாடுகளுக்குள்ள தகராறுகளும், வாதத்துக்கு இடமான விஷயங்களும் சபையில் பேசப்படக் கூடாது என்பது மற்றொன்று.

தோழர்களே! ஒரு கிராமத்தில் பஞ்சாயத்து கூடுகின்றது. ஆலமரத்தடியில் ஜமக்காளம் விரித்தாய்விட்டது. பெரியதனக்காரர்கள் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாய்விட்டது. அப்போது ஒருவன் எழுந்து, "ஐயா, என் வயலுக்கு வருகிற வாய்க்காலை அடுத்த வயல்காரன் அடைத்துவிட்டான்" என்று சொல்ல வாயெடுத்தால், "அடே, சும்மா இரு! இந்தப் பஞ்சாயத்தில் வழக்குப் பேசக் கூடாது என்பது விதி. மழை பெய்தால் நல்லது, எல்லாரும் ஒற்றுமையாய் இருக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்" என்றார்களானால், அந்த ஜனங்கள் அப்பஞ்சாயத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல மாட்டார்களா? கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவன் ஒப்பாத ஒரு விதியை, எட்டு நாடுகளின் பெரிய படிப்புப் படித்த அதிகாரிகளும் மந்திரிகளும் நாற்பது வருஷமாய்க் கட்டிக்காத்து வருகின்றார்கள் என்றால், அதற்குக் காரணம் அறியாமை என்று நாம் நம்பத் தயாராயில்லை.

சண்டை வந்தால் சபை இல்லை

தகராறைப் பற்றிச் சபையில் பேசக் கூடாது என்றால், தகராறு சபையை விட்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. வருஷத்திற்கு ஒரு தடவை கூடுவதென்று சாசனத்தில் கண்டிருக்கின்றது. அதன்படி 1985 முதல் 2014 முடிய 30 மகாநாடுகள் கூடியிருக்க வேண்டும். கூடினவை 18 தான். மற்றவை என்னவாயின?

1989-ல் கொழும்பில் கூடியிருக்க வேண்டும். இந்தியப் படை இலங்கை மண்ணில் இருக்கும் வரை மகாநாடு நடத்த முடியாது என்றார் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா. அந்த வருஷம் போயிற்று. 1992 டிசம்பரில் டாக்காவில் கூடியிருக்க வேண்டும். அந்த மாதம் அயோத்தியில் பாபர் மசூதியை இடித்தார்கள். மகாநாடு 1993 ஏப்ரலுக்குப் போயிற்று. 1999-ல் காட்மாண்டுவில் கூடியிருக்க வேண்டும். அக்டோபரில் பாக்கிஸ்தானில் தளபதி முஷாரப் ஆட்சியைப் பிடித்தார். மகாநாடு 2002 ஜனவரிக்குப் போயிற்று. 2016 நவம்பரில் இஸ்லாமாபாத்தில் கூடியிருக்க வேண்டும். செப்டம்பரில் ஊரியில் இந்தியப் படை முகாம் தாக்கப்பட்டது. இந்தியா வரமாட்டேன் என்றது. வங்காளதேசம், பூட்டான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளும் பின்வாங்கின. அன்று விழுந்தது இன்னும் எழுந்திருக்கவில்லை.

எல்லாவற்றிலும் வெட்கக்கேடானது 2005-ம் வருஷத்துச் சங்கதி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து இலங்கையிலும், இந்தியாவிலும், மாலத்தீவிலும் கடற்கரை ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த மாதமே டாக்காவில் மகாநாடு கூடவேண்டிய முறை. அங்கத்தினர் நாடுகளில் மூன்று ஒரே நாளில் பிணம் எண்ணிக்கொண்டிருந்த சமயம். அண்டை வீட்டார் கூடிப் பேச வேண்டிய சமயம் அதைவிட வேறு உண்டா? ஆனால் சுனாமியையே காரணமாகச் சொல்லி மகாநாட்டைத் தள்ளி வைத்தார்கள். அதே ஜனவரி 6-ந் தேதி தென்கிழக்கு ஆசியாவின் "ஆசியான்" சங்கத்தார் ஜகார்த்தாவில் விசேஷ மகாநாடு கூட்டினார்கள். ஒரு சங்கம் சுனாமி வந்ததால் கூடிற்று. மற்றொரு சங்கம் சுனாமி வந்ததால் கலைந்தது. டாக்கா மகாநாடோ பிப்ரவரியில் கூடப்போகிறதென்று சொல்லி, நேபாள மன்னர் தன் நாட்டில் அதிகாரம் முழுவதையும் கைப்பற்றியதையும், டாக்காவில் பந்தோபஸ்து போதாதென்பதையும் காட்டி இந்தியா மறுத்ததின் பேரில் நவம்பருக்குப் போயிற்று.

இதிலிருந்து தெரிவதென்ன? சமாதானமாயிருக்கும்போது கூடி, சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது. சண்டை வந்தால் கூடாமல் இருந்துவிடுவது. நெருப்புப் பிடித்தால் மாத்திரம் வேலைக்கு வராத தீயணைப்புக்காரனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கின்றோம்.

தரித்திரம் ஒழிந்த தேதி

சரி, கூடின மகாநாடுகளில்தான் என்ன நடந்தது? 1993-ல் டாக்காவில் கூடின மகாநாட்டில், தென் ஆசியாவில் தரித்திரத்தைக் கூடுமானவரை 2002-ம் ஆண்டுக்குள் ஒழித்துவிடுவது என்று தலைவர்கள் பிரகடனம் செய்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாயிருக்கின்றது! 2002-ம் ஆண்டும் வந்தது. அந்த வருஷம் ஜனவரியிலேயே காட்மாண்டுவில் தலைவர்கள் கூடவும் செய்தார்கள். தரித்திரம் ஒழிந்ததா என்று கணக்குப் பார்த்தார்களா? தரித்திரத்தை ஒழிப்பதில் தங்களுக்குள்ள உறுதியை மறுபடியும் உறுதி செய்தார்கள்! பிறகு 2005-ல் டாக்காவில் கூடி, 2006 முதல் 2015 வரையுள்ள பத்து வருஷங்களைத் தரித்திர ஒழிப்புக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பத்து வருஷம் முடிந்த மறு வருஷமே சங்கம் படுத்துவிட்டது.

"இந்த ஜென்மத்தில் பொறுத்துக்கொள், அடுத்த ஜென்மத்தில் சுகப்படுவாய்" என்று ஏழைக்குச் சொல்லும் புராணக்காரனுக்கும், "இந்த மகாநாட்டில் பொறுத்துக்கொள், அடுத்த மகாநாட்டில் பார்க்கலாம்" என்று சொல்லும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

தானியச் சேமிப்பின் கதையும் இதே மாதிரிதான். 1987-ல் காட்மாண்டு மகாநாட்டில், பஞ்சகாலத்தில் ஒருவருக்கொருவர் உதவ இரண்டு லட்சம் டன் அளவில் உணவு தானியச் சேமிப்பு ஒன்றை ஏற்படுத்துவதென்று ஒப்பந்தம் செய்தார்கள். அந்தத் தானியம் எங்கே இருந்தது? பொதுவான களஞ்சியம் ஒன்றும் கட்டப்படவில்லை. அவரவர் பங்கை அவரவர் வீட்டுப் பத்தாயத்திலேயே வைத்துக்கொண்டு, "இது பொதுச் சேமிப்பு" என்று பெயர் மட்டும் எழுதி ஒட்டிக்கொண்டார்கள். ஆபத்துக்கு அதை எடுத்துக்கொடுக்கும் வழி சரியாய் அமையாமலே வருஷங்கள் கடந்தன. 2007-ல் அதையே "உணவு வங்கி" என்று புதுப் பெயரிட்டு மறுபடியும் ஒப்பந்தம் செய்தார்கள்.

வியாபாரத்திலும் அப்படியே. வரிகளைக் குறைத்துத் தங்களுக்குள் வியாபாரத்தை வளர்ப்பதென்று 2004-ல் இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் எழுதி, 2006-ல் அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். அப்படியிருந்தும் இந்நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் அவற்றின் மொத்த வெளிநாட்டு வியாபாரத்தில் நூற்றுக்கு 5 அளவுதான். ஆசியான் நாடுகளுக்குள்ளோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நடக்கின்றது. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடையே தூரம் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் ஒரு ஊர்ச் சரக்கு மறு ஊருக்குத் துபாய் வழியாகச் சுற்றிப் போன காலமும் உண்டு. இப்பொழுதோ அந்த நேர்வழி அடியோடு மூடிக் கிடக்கின்றது.

யாருக்கு வழி திறந்தது?

இச்சங்கத்தால் ஒருவருக்குமே சௌகரியம் ஏற்படவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஏற்பட்டிருக்கின்றது. 1992-ல் விசா இல்லாமலே ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போய் வரலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஆகா, ஜனங்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சலுகைக்கு உரியவர்கள் யாரென்று ஒரு ஜாபிதா போட்டிருக்கின்றார்கள். பெரிய நீதிமன்றத்து ஜட்ஜுகள், பார்லிமெண்டு மெம்பர்கள், பெரிய அதிகாரிகள், வியாபாரப் பிரபுக்கள், பத்திரிகைக்காரர், விளையாட்டுக்காரர் என்று 24 வகுப்பார். கல்யாணம் செய்து எல்லைக்கு அப்பால் போன மகளைப் பார்க்க நினைக்கும் தாய் அந்த 24-ல் இல்லை. வைத்தியத்துக்கு வர வேண்டிய நோயாளி இல்லை. கூலிக்காரன் இல்லை. மீன்பிடிப்பவன் இல்லை. உள்ளதையும் 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலா போனவர்களைக் கொடியோர் சுட்டுக்கொன்ற பிறகு, பாக்கிஸ்தானியருக்கு இல்லை என்று இந்தியா ரத்து செய்துவிட்டது.

மீன் பிடிப்பவனைப் பற்றிச் சொன்னோம். இதுதான் நமக்கு நேரே சம்பந்தப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் போகிறவர்கள் இலங்கைக் கடற்படையிடம் அகப்பட்டுச் சிறைப்படுவதும், படகு பறிபோவதும் ஓயாத சங்கதி. அதே சமயத்தில் இக்கரையிலிருந்து போகும் விசைப்படகுகளின் இழுவை மடி, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள ஏழை மீனவரின் வலைகளை அறுத்தும், கடலடியை வாரித் துடைத்தும் அவர்கள் பிழைப்பைக் கெடுப்பதும் உண்மை. அவர்களும் தமிழ் பேசும் ஏழைகள்தான். முப்பது வருஷ யுத்தத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள்தான். இழுவை மடியை 2017-ல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரு கடலின் மீன் இரண்டு கரைக்கும் பொது என்பதும், அதை அழியாமல் பங்கிட்டுக்கொள்ள இரு கரையாரும் பேச வேண்டும் என்பதும் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மேற்கே குஜராத்துக் கரையிலும் இதே கதைதான். போர்பந்தர் பக்கத்து மீனவர் பாக்கிஸ்தான் சிறையிலும், கராச்சி பக்கத்து மீனவர் இந்தியச் சிறையிலும் அடைபடுகின்றார்கள். வருஷந்தோறும் ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் இரண்டு சர்க்காரும் கைதிகளின் ஜாபிதாவை மாற்றிக்கொள்கின்றன. ஜாபிதாவை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஆட்களை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

ஆக, நான்கு கரைகளில், மூன்று நாடுகளில், ஒரே மாதிரியான கஷ்டம். இதைவிடப் பொதுவான விஷயம் சார்க் சபைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இது "இரு நாட்டுத் தகராறு" ஆனபடியால் 18 மகாநாடுகளிலும் சபையின் அலுவலாக இது எடுத்துக்கொள்ளப்படவில்லை. 10-வது ஷரத்து வாயைக் கட்டிவிட்டது.

2008 ஆகஸ்டில் 15-வது மகாநாடு கொழும்பில் கூடிற்று. வடக்கே வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராய் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மகாநாட்டின் பிரகடனத்துக்கு வைத்த பெயர், "நமது மக்களின் வளர்ச்சிக்கான கூட்டு" என்பது. எந்த மக்கள் என்று கேட்பதற்குச் சபையில் ஒருவருமில்லை. கேட்டிருந்தாலும் அது வாதத்துக்கு இடமான விஷயமாய்ப் போயிருக்கும்.

பக்கத்து அறையில் நடந்தவை

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் நம்மிடம், "ஐயா, சபையில் பேசாவிட்டாலென்ன? தலைவர்கள் ஒரே ஊரில் கூடுவதால் தனியே சந்தித்துப் பேச வழி ஏற்படுகிறதே, அது நன்மையல்லவா?" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அப்படி நன்மை நடந்தது உண்மை. 1988 டிசம்பரில் இஸ்லாமாபாத் மகாநாட்டுக்குப் போன ராஜீவ் காந்தியும், பேனசீர் பூட்டோவும் தனியே பேசி, ஒருவர் நாட்டு அணுநிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று டிசம்பர் 31-ல் ஒப்பந்தம் செய்தார்கள். அவ்வொப்பந்தப்படி இரு நாடும் ஜனவரி முதல் தேதியன்று அணுநிலையங்களின் ஜாபிதாவை மாற்றிக்கொள்வது, எத்தனையோ சண்டைகளுக்கு நடுவிலும் நடந்து வந்திருக்கின்றது. 1986-ல் பெங்களூர் மகாநாட்டுச் சமயத்தில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் இலங்கைத் தமிழர் விஷயத்தைப் பேசினார்கள்; எம்.ஜி.ஆரையும் பிரபாகரனையும்கூட அந்நகருக்கு வரவழைத்தார்கள். 2004-ல் வாஜ்பாயும் முஷாரப்பும் இஸ்லாமாபாத்தில் கூட்டறிக்கை விட்டார்கள்.

ஆனால் இவை எதைக் காட்டுகின்றன? உருப்படியான பேச்செல்லாம், பேசக்கூடாதென்று சாசனம் தடுத்த விஷயங்களைப் பற்றி, சபைக்கு வெளியே, பக்கத்து அறையில் நடந்தவை என்பதையல்லவா காட்டுகின்றன? ஆகவே 10-வது ஷரத்து சண்டையைத் தடுப்பதற்காக இருக்கிறதென்பது பொய். பெரியவர்கள் மட்டும் கதவை மூடிக்கொண்டு பேசவும், சின்ன நாடுகளும் ஜனங்களும் கேளாமலிருக்கவுமே அது இருக்கிறது. சபையில் ஏழு பேர் முன்னிலையில் பேசினால் கணக்குச் சொல்ல வேண்டிவரும். தனி அறையில் பேசினால் வேண்டாமல்லவா?

இந்தத் தனி அறைச் சந்திப்பும் நாளடைவில் என்னவாயிற்று? பேச்சுப் போய்க் கைகுலுக்கல் ஒன்றே மிஞ்சிற்று. 2002-ல் காட்மாண்டுவில் முஷாரப் மேடையில் நடந்து போய் வாஜ்பாய்க்குக் கை நீட்டினார் என்பதைப் பத்திரிகைகள் பிரமாதமாய் எழுதின. 2014-ல் அதே ஊரில் மோடியும் நவாஸ் ஷெரீப்பும் கைகுலுக்குவார்களா மாட்டார்களா என்று, சுவாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பவர்களைப்போல் கடைசி நாள்வரை காத்திருந்தார்கள். குலுக்கினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். ரயில், மோட்டார், மின்சாரம் பற்றிய மூன்று ஒப்பந்தங்களில் மின்சார ஒப்பந்தம் ஒன்றுதான் கையெழுத்தாயிற்று. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. தலைவர்கள் கைகுலுக்குவதைத் தரிசனமாக எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் புத்தி ஜனங்களுக்கு இருக்கும் வரையில், கைகுலுக்குவதற்கு மேல் அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதென்ன?

ஆனதினால் இச்சங்கம் ஒழிய வேண்டும் என்பது நம் அபிப்பிராயமல்ல. அண்டை நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்க முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவினபோது இந்நாட்டுத் தலைவர்கள் காணொலியில் கூடிப் பேசி, பொது நிதிக்கும் வழி செய்தார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. டெல்லியில் 2010 முதல் நடக்கும் தென் ஆசியப் பல்கலைக் கழகம் மற்றொரு சாட்சி. ஆனால் சங்கம் பிழைக்க வேண்டுமானால் அடியில் கண்டவை நடக்க வேண்டும் என்கின்றோம்.

ஒன்று, தகராறுகளைப் பேசக் கூடாதென்னும் விதியை எடுத்தெறிய வேண்டும். தகராறே சபையின் முதல் அலுவலாக வேண்டும்.

இரண்டு, ஒரு நாட்டுத் தலைவர் வரவில்லை என்பதற்காகக் கூட்டம் நிற்கக் கூடாது. வராதவர் நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு மற்றவர்கள் பேச வேண்டும்.

மூன்று, கடலில் எல்லை தாண்டிய மீனவனைக் குறித்த நாட்களுக்குள் படகோடு திருப்பி அனுப்பவும், கடலடியைப் பாழாக்கும் மடிகளை எல்லாக் கரைகளிலும் ஒழித்து, அத்தொழிலில் இருப்போருக்கு வேறு பிழைப்புக் காட்டவும் ஒரு பொது விதி வேண்டும்.

நான்கு, விசாச் சலுகை ஜாபிதாவில் நோயாளியும், மாணவனும், எல்லைக்கு இரு புறமும் உறவுள்ள ஏழையும் முதலில் இடம் பெற வேண்டும். ஜட்ஜுகளும் பிரபுக்களும் வரிசையில் நிற்கட்டும்.

ஐந்து, ஒவ்வொரு மகாநாடும் ஆரம்பிக்குமுன், போன மகாநாட்டில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று எல்லாரும் அறிய வாசிக்க வேண்டும். அதை வாசித்து முடிப்பதற்கு முன் விருந்து கூடாது.

இவற்றைத் தலைவர்கள் தாங்களாகச் செய்வார்கள் என்று நாம் நம்பவில்லை. போனாலும் மாலை, போகாவிட்டாலும் மாலை என்று கிடைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் எதற்காகச் சிரமப்படப் போகின்றார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "நீர் மகாநாட்டுக்குப் போனீரா, இல்லையா?" என்று கேட்பதை ஜனங்கள் விட்டுவிட்டு, "சிறையிலிருக்கும் மீனவனைப் பற்றி எந்தச் சபையில் பேசினீர்? என்ன பதில் வந்தது?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாதவருக்கு மாலையும் இல்லை, ஓட்டும் இல்லை என்று சொல்லும் தைரியம் வந்தால்தான் இந்த ஷரத்து மாறும். கடற்கரை ஊர்களிலுள்ள தோழர்கள் தங்கள் ஊர்க் கூட்டங்களில் இக்கேள்வியைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தங்கள் பார்லிமெண்டு மெம்பர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கின்றோம்.